கொடியில் காயாத துணி

டிரில் டீச்சர் பொய் சொன்னார். தெரியாமல் சொன்னதல்ல, தெரிந்தே சொன்னார். பெரிய டீச்சரின் அறையில் என் அய்யாவும் அம்மாவும் நானும் நிற்க, என் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதனால் அது பொய் இல்லை என்று ஆகிவிடாது.

என்னோடு படித்தவர்களே, இது உங்களுக்குத்தான். பள்ளிக்கூட மலருக்குப் பசுமையான நினைவாக ஏதாவது எழுதித் தா என்று கேட்டுக் கடிதம் போட்டீர்கள். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். போடுவதானால் முழுசாகப் போடுங்கள். வெட்டுவதானால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நாங்கள் கீழவாசல் பக்கம் ஒரு வளவில் குடியிருந்தோம். எட்டு வீடு, நடுவில் முற்றம், ஒரு கிணறு, ஒரு கக்கூஸ். அய்யா கொட்டாம்பட்டி போகிற பஸ்ஸில் கண்டக்டர். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. பஸ்ஸுக்குப் பின்னால் இரும்பு அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். அய்யா வீட்டுக்கு வரும்போது மூக்கு ஓட்டையெல்லாம் கருப்பாக இருக்கும். அவர் காக்கிச் சட்டையை அம்மா எவ்வளவு அடித்துத் துவைத்தாலும் கரி வாடை போகாது.

அரிசிக்கு ரேஷன் வந்திருந்த சமயம். காலையில் கேப்பைக் கூழ், பகலில் இருந்தால் சோறு, இல்லாவிட்டால் மறுபடி கூழ். பசித்தது என்று இப்போது சொல்கிறேன். அப்போது அதற்குப் பசி என்று பேர் இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. எல்லாரும் அப்படித்தான் இருந்தோம்.

எட்டு வீட்டுக்கும் பொதுவாக முற்றத்தின் மூலையில் ஒரு தகரச் சாய்ப்பு உண்டு. வீட்டுக்குத் தூரமான பொம்பளைகள் மூன்று நாள் அங்கேதான் உட்கார வேண்டும், படிக்கிற பிள்ளை வகுப்புக்கு மட்டும் போய் வரலாம். ஒரு அலுமினியத் தட்டு, ஒரு செம்பு, ஒரு கோரைப்பாய். கிணற்றைத் தொடக்கூடாது, யாராவது இறைத்து ஊற்றுவார்கள். கக்கூஸுக்குப் பின்னால் ஒரு கயிற்றுக் கொடி. அதில் தூரத்துணி மட்டும்தான் காயும். எந்தத் துணி எந்த வீடு என்று எல்லாருக்கும் தெரியும். எதிர்வீட்டு மதினிக்கு நீலக் கரை போட்ட பழைய வேட்டி. எனக்கு அம்மாவின் கிழிந்த சிவப்புச் சுங்குடிச் சேலை. புள்ளி புள்ளியாக வெள்ளை இருக்கும். தள்ளி நின்று பார்த்தாலே அடையாளம் தெரியும். சாய்ப்பில் யார் இருக்கிறார்கள், கொடியில் யார் துணி என்று பார்த்தால் போதும், எட்டு வீட்டுப் பொம்பளைகளின் உடம்பும் எல்லாருக்கும் மனப்பாடம். இது ஒரு கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. அப்படித்தான் இருந்தது.

அந்த ஆடி மாதம்தான் டிரில் டீச்சர் நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மெட்ராசில் படித்து முடித்த கையோடு வந்தவர். நம்மைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். வெள்ளைச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டி, கழுத்தில் விசிலோடு நடந்தார். உங்களுக்கு மறந்திருக்காது. அதற்கு முன் டிரில் பீரியடில் தூரமான பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுவோம். வந்த முதல் வாரமே அவர் மரத்தடிக்கு வந்து நின்றார்.

"என்ன இங்க ஒரு மாநாடு?"

யாரோ ஒருத்தி மெல்லச் சொன்னாள்.

"அதுக்கு எதுக்கு உக்காரணும்? கால்ல வந்திருக்கா? எந்திரிங்க. ஓட வேணாம். நடங்க."

நடந்தோம். வயிற்று வலி குறைந்தது. இது நிஜம். அடுத்த மாதம் இரண்டாம் நாளில் மெதுவாக ஓடிப் பார்த்தேன். முதல் சுற்றில் அடிவயிறு இழுத்தது. மூன்றாவது சுற்றில் வலி எங்கே போனது என்று தெரியவில்லை. தொடைதான் புண்ணாகிவிடும். ஈரத் துணி உரசி உரசித் தோல் உரிந்துவிடும். டீச்சர் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னார். துணி நழுவாமல் இருக்கக் கனமான துணியில் முழங்கால் வரைக்கும் கால்சட்டை தைத்துக் கொடுத்தார். பாவாடைக்கு உள்ளே அதைப் போட்டுக்கொண்டு ஓடினோம். அந்தக் கால்சட்டை இப்போது எங்கே இருக்கிறதோ. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா அடுப்பில் போட்டிருப்பாள்.

நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார். அதில் நான் ஒருத்தி, வக்கீல் மகள் ஒருத்தி. மார்கழி முதல் வாரத்தில் பல பள்ளிக்கூடப் பெண்கள் சேர்ந்து ஓடும் பந்தயம் இருந்தது. அதில் ஜெயிக்கிற பிள்ளையை எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் சம்பளம் இல்லாமல் படிக்க வைத்து, அப்புறம் மெட்ராசுக்கு டிரில் படிப்புக்கு அனுப்பப் பெரிய டீச்சர் சம்மதித்திருந்தார். வக்கீல் மகளுக்கு அது வேண்டியதில்லை. எனக்கு அது ஒன்றுதான் வழி. அந்த வருஷத்தோடு படிப்பு போதும் என்று அய்யா ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

மூன்று நாள் சாய்ப்பில் உட்கார்ந்தால் ஓட்டம் கெட்டுவிடும் என்று டீச்சர் எங்கள் வளவுக்கே வந்தார். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"டீச்சரம்மா, ஓடுனா கர்ப்பப்பை எறங்கிப்போகும்னு சொல்றாகளே?"

"எறங்காதும்மா. நானே நாலு வருசமா ஓடுறேன். என்னைப் பாருங்க. எதுவும் எறங்குன மாதிரியா இருக்கு?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆத்தி, இவுக பேச்சப் பாரு" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாய்ப்பில் இருந்தே விடியற்காலை ஓடப் போகலாம், திரும்பி வந்து சாய்ப்பிலேயே இருக்க வேண்டும் என்று முடிவானது. அன்றிலிருந்து டிரில் டீச்சர் சொன்னால் அம்மாவுக்கு அது வேதவாக்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியூர் தெப்பக்குளத்துக்குள்தான் ஓடிப் பழகினோம். அந்த வருஷம் மழை இல்லை, குளம் காய்ந்து கிடந்தது. படி இறங்கிவிட்டால் ரோட்டில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாது, சுற்றிலும் மதில். அதனால்தான் டீச்சர் அந்த இடத்தைப் பிடித்தார். விடிந்ததும் போவோம். தரை பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஆட்டுப் புழுக்கையும் காய்ந்த பாசியும் சேர்ந்து ஒரு வாடை. நடுவில் இருக்கிற மண்டபத்தைச் சுற்றி ஓட வேண்டும். முதலில் ஐந்து சுற்று, பிறகு பத்து, ஐப்பசியில் பதினைந்து. வாரத்துக்கு ஆறு நாள். காலில் செருப்பு கிடையாது. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடப்போம். வயிற்றில் ஒரு செம்புக் கூழ்.

டீச்சர் எங்கள் ஒவ்வொருத்தியையும் கவனித்தார். மாதத்தில் எல்லா நாளும் கால் ஒரே மாதிரி இருக்காது என்று முதலில் எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். தலைக்கு ஊற்றி முடித்த வாரம் கால் பறக்கும். தூரமாவதற்கு முந்தின வாரம் ஈர மணலில் நடக்கிற மாதிரி இழுக்கும், மூச்சு சீக்கிரம் வாங்கும், சும்மா அழுகை வரும். "இது சோம்பேறித்தனமில்ல. அந்த வாரம் கொஞ்சமா ஓடு. அடுத்த வாரம் வட்டியோட வாங்கிக்கிறேன்" என்பார். நம் உடம்பைப் பற்றி யாரும் நம்மிடம் பேசாத காலத்தில் இவர் பேசினார். அதை மறைக்க மாட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆவணியில் கடைசியாக உட்கார்ந்தேன். புரட்டாசியில் வரவில்லை. ஐப்பசியிலும் வரவில்லை. எனக்குச் சந்தோஷம். புண் இல்லை, எண்ணெய் இல்லை, சாய்ப்பு இல்லை. படியில் உட்கார்ந்து காலைத் தட்டிக்கொண்டிருந்தபோது டீச்சரிடம் சொன்னேன். மற்ற இரண்டு பேரும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள், அவர் அவித்த கடலையை உரித்து எங்களுக்குப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கும் மெட்ராஸ்ல நாலு மாசம் நின்னுச்சு" என்றார். "ரொம்ப ஓடி, சரியாச் சாப்பிடலைன்னா அப்படித்தான். ஓட்டத்தைக் கொறச்சா தானா வரும். இந்தா, இதையும் நீ தின்னு."

"எனக்கும் வரல டீச்சர்" என்றாள் வக்கீல் மகள்.

"சரி, சரி. இதைப் போய் யார்ட்டயும் தம்பட்டம் அடிக்காதீங்க."

மூன்று பேரும் சிரித்தோம். வக்கீல் மகளின் வீடு தனி வீடு. கொல்லையும் தனி, கொடியும் தனி. அவள் வீட்டுத் துணியை எண்ண யாரும் கிடையாது.

ஐப்பசியில் கிணற்றடியில் எதிர்வீட்டு மதினி அம்மாவிடம் கேட்டாள். "ஏ மதினி, ஒம் மக துணியக் கொடியில காணமே? காக்கா தூக்கிட்டுப் போயிருச்சா?"

"காக்காவுக்குச் சிவப்புச் சுங்குடிதான் கேக்குதாக்கும். ஒஞ் சோலியப் பாரு" என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் அம்மாவின் கையில் கயிறு நின்றுவிட்டது. நான் பார்த்தேன்.

கார்த்திகையில் மதினி மறுபடி கேட்டாள். "தீவாளிக்கும் காணோம், கார்த்திகைக்கும் காணோம். எம்புட்டு நாளைக்குத்தான் காக்கா தூக்கும்?" இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கிணற்றடியில் ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

அம்மா வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"கடைசியா எப்ப ஒக்காந்த?"

"ஆவணில."

"ஏண்டி சொல்லல?"

"வந்தாத்தானம்மா சொல்லணும். வராததை எதுக்குச் சொல்ல?"

"யாரு?" என்றாள்.

எனக்குக் கேள்வி புரியவில்லை. "யாருன்னா?"

"யாருடி அவன்?"

அப்போதும் புரியவில்லை. புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது. "ஓட்டந்தாம்மா. ரொம்ப ஓடுனா நிக்குமாம். டீச்சருக்கும் நின்னுச்சாம். அவுகளே சொன்னாக" என்றேன்.

அம்மா என்னை அடித்ததில்லை. அன்றும் அடிக்கவில்லை. மருத்துவச்சியைக் கூட்டிவந்தாள். அவள் என் வயிற்றை நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்தாள். கை சில்லென்று இருந்தது, விளக்கெண்ணெய் வாடை. "இப்ப ஒண்ணுமில்ல" என்றாள். 'இப்ப' என்ற அந்த ஒரு வார்த்தையை எதற்குச் சேர்த்தாள் என்று தெரியவில்லை. அவள் பேச்சு வழக்கம் அப்படியோ என்னவோ. எள்ளும் கருப்பட்டியும் இடித்து ஒரு உருண்டை கொடுத்துவிட்டுப் போனாள். அவள் வந்ததையும் போனதையும் எட்டு வீடும் பார்த்தது.

அய்யாவிடம் அம்மா சொன்னாள். அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில், "பிள்ள பொய் சொல்லாது. டீச்சரம்மா படிச்சவுக. அவுக வாயால ஒரு வார்த்த சொல்லிட்டா, வளவுல எவ கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். ஒரு நாள் லீவு போட்டார். காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டார். அதைவிட நல்ல சட்டை அவரிடம் இல்லை.

பந்தயத்துக்கு நான்கு நாள் இருந்தது.

பெரிய டீச்சர் அய்யாவை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. அம்மாதான் பேசினாள். பெரிய டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார், முகம் சுருங்கிக்கொண்டே போனது. ஏற்கெனவே இரண்டு வீட்டுக்காரர்கள் டிரில் வேண்டாம் என்று வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். டிரில் டீச்சரை வரச் சொன்னார். அவர் மைதானத்தில் இருந்து அப்படியே வந்தார், காலில் மண்ணோடு.

"இந்தப் பிள்ளையோட அம்மா ஒண்ணு கேக்குறாங்க. யோசிச்சுப் பதில் சொல்லுங்க" என்றார் பெரிய டீச்சர். "அப்படி ஒண்ணு உண்டுன்னா, இன்னைக்கே இந்தப் பள்ளிக்கூடத்துல டிரில்லை நிறுத்திடுறேன். ஊர்ப் பிள்ளைகளைக் கெடுத்த பேரு எனக்கு வேணாம்."

அம்மா டீச்சருக்கு நேராகத் திரும்பி, கையைக் கும்பிட்ட மாதிரி வைத்துக்கொண்டாள். "டீச்சரம்மா, ஓடுனா இது நிக்குமா? ஒங்களுக்கும் நின்னுச்சுன்னு பிள்ள சொல்லுது. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நாங்க போயிர்றோம்."

டிரில் டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே சின்னப் பிள்ளைகள் வரிசையாக நின்று கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள், அவர் பாதியில் விட்டுவிட்டு வந்த வகுப்பு.

"எனக்குத் தெரிஞ்சு அப்படி எதுவும் இல்லம்மா" என்றார்.

"ஒங்களுக்கு?"

"எனக்கு அப்படியெல்லாம் ஆனதில்ல."

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். தெரியவில்லை. நான் அவர் காலில் இருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெப்பக்குளத்து மண் இல்லை, மைதானத்துச் செம்மண் என்று நினைத்தேன். அதுதான் நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. அன்றிலிருந்து பல விஷயங்களில் எனக்கு அப்படித்தான், எதுவும் தோன்றுவதில்லை.

திரும்பி நடந்து வரும்போது அய்யா எனக்கு முன்னால் போனார். வழக்கமாக என் பக்கத்தில் வருவார். அன்றைக்குப் பின் அவர் சாகும் வரைக்கும் என்னை 'தாயி' என்று கூப்பிடவில்லை.

பந்தயத்தில் வக்கீல் மகள் ஜெயித்தாள். மெட்ராசுக்கு அவள் போகவில்லை. அந்த இடம் சும்மா போனது.

நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். ஓட்டம் கிடையாது. உடம்பு தேறட்டும் என்று அம்மா தன் பங்குச் சோற்றையும் எனக்கே போட்டாள், என்ன நினைத்துப் போட்டாளோ. இருபது நாள் கழித்து, டீச்சர் படியில் உட்கார்ந்து சொன்ன மாதிரியே, தானாக வந்தது. நான் அம்மாவிடம் சொன்னதும் அவள் அழுதாள். சாய்ப்பில் பாய் விரித்தாள். சுங்குடித் துணியை அவளே துவைத்து, பின்னால் கொடியில் போடாமல், முற்றத்தின் நடுவில் எல்லாரும் பார்க்கக் காயப்போட்டாள். அப்படி யாரும் செய்ததில்லை. "நல்லாப் பாத்துக்கங்கடி" என்று கத்தினாள்.

எதிர்வீட்டு மதினி பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "அந்த மருத்துவச்சி கை ராசியான கைதான்."

வராதபோது ஒரு குற்றம். வந்தபோது அதற்குச் சாட்சி. அம்மா அந்தத் துணியை உருவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

தையில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அவனியாபுரம், அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, என்னைவிடப் பதினேழு வயது மூத்தவர். கெட்டவர் இல்லை. ஊர் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் கட்டிக்கொண்டார். கோபம் வரும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டினார். பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். செத்துப்போய் ஆறு வருஷம் ஆகிறது.

உங்களில் ஒருத்திகூட என்னைப் பார்க்க வரவில்லை. நீங்களும் நம்பினீர்கள். வக்கீல் மகளே, நீ நம்பியிருக்க முடியாது. உனக்கும் அப்போது நின்றுதான் இருந்தது. நீதான் இன்றைக்குப் பழைய மாணவிகள் சங்கத்துக்குத் தலைவி. கடிதத்தில் கையெழுத்து உன்னுடையதுதான்.

பத்து வருஷத்துக்கு முன்னால் என் மகளை ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். வேறு விஷயமாக. வந்த வேலை முடிந்ததும் இதைக் கேட்டேன். டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். "ஆமாம்மா. கடுமையா ஓடி, சாப்பாடு பத்தலைன்னா நின்னுரும். ஓடுறதைக் குறைச்சு நல்லாச் சாப்பிட்டா வந்துரும். ஏன், உங்க பொண்ணு ஓடுதா?" இல்லை என்றேன். வெளியே வந்து பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் மகள் தண்ணீர் வாங்கி வந்தாள். எனக்குத் தாகம் இல்லை.

டிரில் டீச்சர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே டிரில் போயிருக்கும், அவர் வேலையும் போயிருக்கும். ஒரு தாயும் பெண்ணை ஓட அனுப்பியிருக்க மாட்டாள். நமக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் முப்பது வருஷம் ஓடினார்கள், கோப்பைகள் வாங்கினார்கள். அலமாரி நிறைய இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். நல்லது. ஓடட்டும். ஆனால் அந்த அலமாரிக்கு என்னைத் தூக்கிக் கொடுக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது? அன்றைக்குச் சொல்ல முடியவில்லை என்றால் மறுவாரம் வளவுக்கு வந்து என் அம்மாவிடம் மட்டுமாவது காதோடு சொல்லியிருக்கலாம். வீடு அவருக்குத் தெரியும். வரவில்லை. அம்மா தன் பெண் கெட்டுப்போனாளா இல்லையா என்று தெரியாமலே செத்தாள். கடைசி நாளில்கூட என்னிடம் கேட்க வாயெடுத்து, கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வருகிற மாதம் விழா என்று எழுதியிருக்கிறீர்கள். டீச்சருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறீர்கள். நானும் வாரேன். முன் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.

டீச்சர், இதை நீங்கள் படிப்பீர்கள். தனியாக என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துப் பேச வேண்டாம், கடிதம் எழுத வேண்டாம். மேடையில், மைக் முன்னால், எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்கள். உங்களுக்கு நின்றதா இல்லையா? எனக்கு ஏன் நின்றது என்று உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? பொன்னாடையை வாங்கிக்கொள்வதற்கு முன்னால் சொல்லுங்கள்.